ரெலிபோனுக்கு மேலே ஒட்டிய தாள்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடி அப்பார்ட்மென்ற் ஒன்றில் அருள்மலரும் அவளுடைய அப்பா யேசுரட்ணமும் இருந்தார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் கொலிஜ், பின்னேரம் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலை, சனி ஞாயிறில் சமையலும் துணி துவைப்பும். இரண்டு வருடமாக மனுசி ஒழுங்கான நித்திரை கண்டதில்லை. பஸ்ஸில் கண் சொருகி, இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவாள்.

இவ்வளவு பாடும் எதற்கு? கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு. எண்பத்து மூன்றில் யாழ்ப்பாணக் கம்பஸ் அவளுக்கு நாலே நாலு புள்ளியால் தவறியது. இங்கே கொலிஜில் நல்ல புள்ளி எடுத்தால், டவுன்ரவுனில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஆனால் கேட்கிறவர்களில் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் விண்ணப்பத்தை அனுப்பினாள். அப்பாவுக்குக்கூட மூச்சு விடவில்லை. அவர் அறிந்தால் ஞாயிறு பூசை முடிய முதலே கோயில் வாசல் முழுக்கத் தெரிந்துவிடும். கண்ணூறு ஒரு பயம். கிடைக்காமல் போனால் விசாரிக்கிற சனத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டுமே, அது அதைவிடப் பெரிய பயம்.

இனி அந்த ரெலிபோன் கதை. யேசுரட்ணத்தாருக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. யார் கோல் எடுத்து என்ன கேட்டாலும் மரியாதைக்கு 'யெஸ், யெஸ்' என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லித்தான் ஒருநாள் கார்ப்பெட் கழுவ இரண்டு பேர் குழாயும் மிஷினுமாக வந்து கதவடியில் நின்றார்கள். அவர்களை அனுப்பிவைக்க அருள்மலர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ரெலிபோன் அவளுடைய பெயரில் இருந்தபடியால் விற்கிறவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். அன்றைக்கே ஒரு தாளில் தமிழ் எழுத்தில் கொட்டையாக எழுதி ரெலிபோனுக்கு மேலே ஒட்டினாள்: 'நோ அருள்மலர் ஹியர். ரோங் நம்பர்.'

"இங்கிலிஷிலை ஆர் கதைச்சாலும் இதை வாசிச்சுப்போட்டு வையுங்கோ, அப்பா."

"ஓம் பிள்ளை."

ஆனி போய் ஆடியும் பாதி போனது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸும் சப்வேயுமாக ஒன்றரை மணித்தியாலம் போய் அலுவலகத்தில் நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பெயரைக் கேட்டு, கம்பியூட்டரைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்களுக்கு இடம் தருவதாகத்தான் இருந்தோம். கொலிஜின் கடைசித் தவணைப் பெறுபேறு மட்டும் வந்து சேரவில்லை. நாள் குறைவாக இருந்ததால் தபாலில் எழுதாமல் மூன்று தரம் ரெலிபோன் எடுத்தோம். ஒரு வயதானவர் அப்படி ஒருவர் இல்லை, பிழையான நம்பர் என்றார். போன வெள்ளியோடு உங்கள் விண்ணப்பத்தை மூடிவிட்டோம். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம்."

 அருள்மலருக்கு அப்பாவில் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தாளை எழுதியது தன் கை என்று நினைத்ததும் அதுவும் வடிந்துபோனது. ஒரு சொல்லு, 'நான் கம்பஸுக்குப் போட்டிருக்கிறன் அப்பா' என்ற ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தால் மனுசன் ரெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அன்றைக்கு மட்டும் நித்திரை வரவில்லை.

அப்பா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அப்பா. அலுப்பு."

"உந்தக் கார்ப்பெட்காரர் இப்ப பொம்பிளையளை விட்டுக் கேக்கினம். போன கிழமை ஒருத்தி மூண்டு தரம் எடுத்தவள். உன்ர முழுப்பேரும் சொல்லிக் கேட்டவள். நானோ விட்டன்? நீ எழுதினதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிச்சனான்."

பள்ளிக்கூடப் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அவர் முகம் இருந்தது. இப்போது சொன்னால் அந்த மனுசன் சாகும்வரைக்கும் தன்னைத் தானே தின்பார்.

"நல்லாச் செய்தியள் அப்பா," என்றாள். எழும்பிப் போய் ரெலிபோனுக்கு மேலிருந்த தாளைக் கிழியாமல் உரித்தாள்.

"ஏன் பிள்ளை அதைக் கழட்டுறாய்? திரும்ப எடுத்தாளெண்டால்?"

"இனி எடுக்கமாட்டாள், அப்பா."