சோலோவின் நடுவே ஒரு சால்வை

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பாராட்டுவதென்றால் சால்வை போர்த்தியாக வேண்டும். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, மேடையில் ஆள் இருந்தால் போதும், ஏறிப் போர்த்திவிடுவோம். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்திக் கும்பிடுவார், வாங்கிக்கொள்வார், விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசுவார். பேச்சுக்கு அது சரி.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்து விழுந்து, இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை. யூரியா இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அறையில் இருக்கப் பிடிக்காமல் வடக்கனந்தல் திருவிழாக் கச்சேரிக்குப் போனேன். பாட்டுக்காரர்கள் சோடா குடிக்க இறங்கிய இடைவெளியில், சங்கராபுரத்துக்கார இளைஞன் ஒருவன் கிடாரோடு முன்னால் வந்தான். சினிமாப் பாட்டு இல்லை. அவனே கட்டிய ராக். ஒற்றைக் கம்பியை வளைத்து வளைத்து அவன் மேலே கொண்டுபோனது, கல்வராயன் மலைப் பாதையில் பஸ் கியர் மாற்றி மாற்றி ஏறுவது மாதிரி இருந்தது. எனக்கு ராக் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் எழுந்து மேடைப் பக்கம் போய்விட்டேன்.

கூட்டம் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டது. இடது பக்க ஸ்பீக்கர் பெட்டியருகே மூன்று பேர் மட்டும் நின்றோம். நான், தியாகதுருகத்து ஆட்டோக்காரர் ஒருவர், டூட்டி முடித்து வந்திருந்த நர்ஸ் ஒருவர்.

"பாத்தியாண்ணே, வெரலு கண்ணுக்கே தெர்ல!" என்றார் ஆட்டோக்காரர். அன்று முதல் அவன் எங்கே வாசித்தாலும் நாங்கள் மூவரும் இடது ஸ்பீக்கரருகே இருப்போம். ஆட்டோக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்கூட ஆரம்பித்தார். தினமும் காலையில் அந்த நர்ஸ் அதில் வணக்கம் போடுவார். உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். எனக்குக் காலை வணக்கம் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை.

போன ஆடியில் அவனுக்கு மலேசியாவில் ஒரு ஓட்டல் பேண்டில் வேலை கிடைத்தது. தியாகதுருகம் கச்சேரிதான் கடைசி. நாம் ஏதாவது செய்ய வேண்டாமா என்று குரூப்பில் கேட்டேன். "ஒண்ணும் வேணாங்க, நின்னு கேட்டாப் போதும்" என்று நர்ஸ் எழுதினார். எனக்கு யார் பேச்சைக் கேட்டுப் பழக்கம்? சொல்லாமல் கொள்ளாமல் ஜவுளிக்கடைக்குப் போய், ஜரிகை போட்ட மெரூன் சால்வை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் என்பதால் அவன் தனியாக வாசிக்க, சோலோ என்கிறார்களே அதற்கு, கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மெதுவாக ஆரம்பித்தான். நாலு நிமிடம் போயிருக்கும். சுருதி ஏற ஏற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. படியேறினேன்.

"அண்ணே, இருங்க!" என்று நர்ஸ் கத்தியது காதில் விழுந்தது. விழுந்தும் போனேன்.

சால்வையை விரித்துப் போர்த்தினேன். அவன் நம் ஊர்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துக் கும்பிட்டான். வாசிப்பு நின்றது. ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி. முடிந்துவிட்டது என்று நினைத்த அறிவிப்பாளர், மைக்கைப் பிடித்து அன்பருக்கு நன்றி சொல்லி அடுத்த பாட்டை அறிவித்தார். குத்துப்பாட்டு. கூட்டம் விசிலடித்தது.

மேடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"தப்பு பண்ட்டேன் தம்பி."

"அட, வுடுங்கண்ணே." சால்வையை அழகாக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"அதுக்கு மேல இன்னா இருந்துச்சி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே" என்று சிரித்தான்.

திரும்பி வந்தபோது ஸ்பீக்கரருகே இருவரும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனதை ஆற்றியிருப்பேன். அதற்கும் வழியில்லை. மறுநாள் ஆட்டோக்காரர் தான் எடுத்த வீடியோவைக் குரூப்பில் போட்டார். அதன் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. காலை வணக்கமும் நின்றுவிட்டது. அவர்கள் தனியாக வேறு குரூப் வைத்திருக்கிறார்களோ என்னவோ, கேட்க எனக்கு வாயில்லை.

வேலை விட்டு வந்து ஒரு ஆளுக்குச் சோறு வைத்துவிட்டு அந்த வீடியோவைப் போடுவேன். நாலு நிமிடம் பத்து வினாடி வரை அவன் வாசிக்கிறான். அதற்கு மேல் வெள்ளைச் சட்டை போட்ட என் முதுகுதான் தெரிகிறது.