ரக்ஷண வந்துவிட்டதா?

போன ஞாயிறு. கோயிலில், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரம். என் அக்கா எழுந்து நின்றாள். பேச ஆரம்பித்தால் அவளுக்கு இருமல் வரும்... இருமினால் பக்கத்து பெஞ்சு காலியாகும்.

"கவர்மெண்டு இந்த வருஷம் ரக்ஷணக்கு இன்னும் ஜாஸ்தியா செலவு பண்ணப் போவுதாம். ரேடியோவுல சொன்னான். இனிமே ஊசி இல்லன்னு நம்மள திருப்பி அனுப்ப மாட்டாங்க. ஸ்தோத்திரம்!"

பாதிப் பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் சபையில் ஒரு வாரம் தமிழ் ஆராதனை, ஒரு வாரம் தெலுங்கு. தெலுங்குப் பிரசங்கத்தில் 'ரக்ஷண' என்றால் ரட்சிப்பு – ஆளைக் காப்பாற்றுவது. தெலுங்குச் செய்தியில் அதே 'ரக்ஷண' என்றால் ராணுவம்! அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. கோயிலில் கேட்ட அர்த்தத்தையே ரேடியோவுக்கும் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு டி.பி. ஊசியை நடுவில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலோ மருந்து தீர்ந்துபோய்விட்டது. வெளியே வாங்கலாம் என்றால், மெட்ராஸிலிருந்து வந்தால்தான் உண்டு என்கிறார் கடைக்காரர்.

வீட்டுக்குப் போகும் வழியில் சரியான அர்த்தத்தைச் சொன்னேன். டாங்கி, பீரங்கி, விமானம்...

அக்கா நின்றுவிட்டாள். "அப்ப ஊசி?"

"அதுக்கு நிதி இல்லையாம்."

"அத வாங்கு, இத வாங்காதன்னு யார்ரா சொன்னது?"

"நாமதான். வோட்டுப் போட்டோமே."

"நான் இதுக்கா குத்தினேன்?"

"ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்லிப் பத்திரிகையில எழுதப் போறேன்" என்றேன்.

"எழுதுவடா, எழுதுவ! நம்ம சின்னவன் அங்க பனியில நின்னுக்கினு கீறான். அவன் சோத்துலயா கை வெக்கற?"

சுருக்கென்றது. சின்னவன் எங்கள் தம்பி. வீட்டில் நான் ஒருவன் படித்தேன். அவன் பட்டாளத்துக்குப் போனான். அவனுடைய சப்பாத்தியில் ஒன்றைக் குறைக்கச் சொல்வேனா? ஆனால் வருஷா வருஷம் புதிதாகப் பீரங்கி வாங்குகிறார்களே... போன தடவை வாங்கியது என்ன ஆயிற்று? பக்கத்து நாட்டுக்காரன் வாங்கினான் என்று நாம் வாங்குகிறோம். நாம் வாங்கினோம் என்று அவன் வாங்குகிறான். இதற்கு முடிவு எங்கே?

இதை எழுதும்போதே பயமாகத்தான் இருக்கிறது. 'தேசத்துரோகி' என்று யாராவது சொல்லிவிட்டால்? சர்க்கார் வேலைக்கு மனு வேறு போட்டிருக்கிறேன்.

இருந்தாலும் கேட்கிறேன். வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? ரோடு போடு, பம்பு போடு, பாலம் கட்டு. 'எதை வாங்காமல் விடுவீர்கள், ஐயா?' என்று ஒருவராவது கேட்டதுண்டா? ராணுவத்தை மட்டும் சொல்லவில்லை. மந்திரி வந்தால் ஆர்ச்சு, பந்தல், பத்து ஜீப்பு... இதெல்லாம் யார் கேட்டது? அடுத்த தடவை ஜீப்பு உங்கள் தெருவில் நுழையும்போது, செலவைக் குறைத்தால்தான் வோட்டு என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் சொன்னால் சிரிப்பார்கள். தெருவே சொன்னால்?

புதன்கிழமை அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்களைப் பார்த்ததுமே கம்பவுண்டர் கையை விரித்தார். அக்கா விடவில்லை.

"இன்னா சார், ரக்ஷண வந்துச்சா?"

அவரும் தெலுங்குச் செய்தி கேட்கிறவர்தான். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதி பார்டருக்குப் போயிந்தி அம்மா!"

"அங்க யாருக்கு சார் இருமலு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் பங்காருபாளையம் வரைக்கும் அது நிற்கவில்லை. வாயைத் துடைத்த முந்தானையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து மடித்துக்கொண்டாள்.

எல்லை பத்திரமாகத்தான் இருக்கிறது.