தோற்கத் தெரியாத மாப்பிள்ளை

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் பெரிய பந்தாட்டக்காரர். திருவனந்தபுரம் வரை போய் ஆடிக் கோப்பை கொண்டுவந்தவர். ரோட்டில் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட இவர் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள். முகமும் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பார்க்க ஆளில்லை.

விளையாட்டோடு நின்றிருந்தால் எனக்குத் தொந்தரவில்லை. ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பினார். கன்னிப்பூ என்று நாங்கள் சொல்லும் முதல் போகச் சாகுபடிக்கு அணைத் தண்ணீர் திறக்குமுன் கால்வாயைத் தூர்வார வேண்டும். கூப்பிட்டால் எவனும் வரமாட்டான். பந்தாட்டம் என்றால் காய்ச்சலில் கிடப்பவனும் எழுந்து வருவான். அதனால் இவர் ஒரு ஏற்பாடு செய்தார். அறுத்த வயலில் என் புகுந்த ஊரும் பிறந்த ஊரும் மோதும். தோற்ற ஊர், ஜெயித்த ஊரின் கால்வாயை முதலில் வாரிக் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதற்குப் போக வேண்டும்.

அருமையான சேவை என்று மாலை போட்டார்கள். இவர் ஆடுகிற அணி தோற்குமா? ஆண்டுதோறும் என் பிறந்த ஊர்க்காரர்கள் எங்கள் கால்வாயை வாரிவிட்டு, இடுப்பொடிந்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். பேர் இவருக்கு, இடுப்புவலி அவர்களுக்கு. அவர்கள் கால்வாயில் பாசியும் கோரையும் மண்டின. அதன் கடைசி வயல் என் அப்பாவுடையது. ஒரு வருடம் அங்கே தண்ணீர் எட்டவேயில்லை. பயிர் நின்றபடியே கருகியது.

அடுத்த ஆட்டத்துக்கு முன் இவரிடம் சொல்லிவிட்டேன். "இன்னா பாருங்கோ, இந்தத் தடவை நீங்க தோக்கணும். இன்னொரு பூவும் போச்சுண்ணா எங்கப்பா வயலை வித்துப்போடுவாரு."

பாவம், தலையாட்டினார்.

ஆட்டத்தில் கோலுக்கு நேராக நின்றுகொண்டு பந்தை வானத்துக்கு அனுப்பினார். என் பிறந்த ஊர்க் கூட்டம் குதித்தது. அதில் ஒரே ஒருவர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார், என் அப்பா. "என்ன மாப்பிளே, காலுக்கு என்னவாக்கும்? ஒழுங்கா அடியும்!" ஊர்க்காரர்கள் அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

கடைசியில் இவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் காக்கும் கோலியின் கைக்கே போகும்படி மெல்ல உருட்டிவிட்டார். இவர் மூலையில்தான் அடிப்பார் என்று தெரிந்த கோலி, இவர் காலைத் தூக்குமுன்பே பக்கவாட்டில் பாய்ந்துவிட்டான். பந்து நிதானமாக உருண்டு உள்ளே போனது. அப்பா துண்டைச் சுழற்றி ஆடினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அப்பாவிடம் போனேன். "வயலு போவுது, உங்களுக்குக் கூத்தாட்டமா?"

"போட்டும் ஏட்டி. எனக்க மாப்பிள தோத்தாருண்ணா சந்தையில நான் தலை நிமிந்து நடக்க முடியுமா?"

பக்கத்தில் நின்ற இவர் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை, தோற்றவர்கள் எங்கள் கால்வாய்க்கு வர, இவர் மண்வெட்டியோடு அவர்கள் கால்வாயில் இறங்கிவிட்டார். கால் பத்திரம் என்று மாமியார் இவரை மண்வெட்டியே தொடவிட்டதில்லை. வெட்டிய மண்ணில் பாதி இவர் தலையிலேயே விழுந்தது. இவரைத் தனியே விட்டால் ஊர் சும்மா இருக்குமா? அணிக்காரர்களும் திட்டிக்கொண்டே வந்து இறங்கினார்கள்.

அப்பா கரையோடு ஓடிவந்தார். "மாப்பிளே, கரையேறும்! காலுல வெட்டிக்கிட்டா அடுத்த வருசம் யாரு ஜெயிக்க?" சத்தம் பெரிதாக இருந்ததே தவிர, அவர் கண் நிறைந்திருந்தது. அப்பாவின் வயல் மடைவரை வெட்டிவிட்டுத்தான் இவர் ஏறினார்.

கல்யாணமான நாள் முதல் ஊரே இவரைப் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பெருமை வந்தது அன்றைக்குத்தான்.