மாதிரிக் கையெழுத்து

ஐயா இறந்துபோன செய்தி வந்தபோது டைப்பிஸ்டம்மா அவருடைய கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கையெழுத்தில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டிரைவர். அழுகையும் சொல்லுமாக ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவள் போனை வைத்துவிட்டு மீதிப் பாதியையும் போட்டு, கீழே தேதியை மட்டும் முந்தின நாளாக எழுதினாள். கல்லூரி விடுதியில் இடம் கேட்ட ஒரு பெண்ணுக்கான சிபாரிசுக் கடிதம் அது. நேற்றுச் சாயங்காலம்தான் ஐயா போனில் அதற்குச் சரி சொல்லியிருந்தார். செத்துப்போனவரின் சிபாரிசுக்கு எந்த வார்டன் இடம் கொடுப்பார்?

அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வருஷக்கணக்காக "அடுத்த வாரம் போட்டுத் தரேம்மா" என்று சொல்லிவந்த ஒரே ஒரு கையெழுத்தைப் போடாமலே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐயா ஏழு முறை ஜெயித்தவர். முப்பத்தோரு வருஷம் தொகுதி உறுப்பினர். கடைசி எட்டு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே உறுப்பினராக இருந்தார். பதவியை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று டாக்டர் சொன்னார், வீட்டம்மா சொன்னார், கட்சிக்காரர்கள்கூடச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். "நான் விலகினா ஜனங்க யார்கிட்டப் போய் நிப்பாங்க?" என்று ஒரே பிடியாக நின்றார். ஜனங்கள் என்னவோ எப்போதும்போல மருந்துக்கடை மாடியிலிருந்த தொகுதி அலுவலகத்துக்கு வந்து டைப்பிஸ்டம்மா முன்னால்தான் நின்றார்கள். டைப் மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் அவள் பேர் மட்டும் மாறவில்லை.

அவர் நல்லவரா கெட்டவரா என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. கேட்டவரைத்தான் இரண்டு திட்டுத் திட்டி அனுப்புவாள். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்தது அவரால். அதற்கு முன்பு பிரசவ வலி கண்டவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரிய ஆஸ்பத்திரியும் பெண்கள் விடுதியும் அவர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிவந்தவை. குளத்தை மூடி பஸ் நிலையம் கட்டியதும் அதே ஐயாதான். அன்று முதல் நாலு தூறல் விழுந்தால் போதும், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்து பயணிகளின் முழங்கால் வரை நின்றுவிடும். விளையாட்டு அரங்கத்துக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டினார். மூன்று கல்லும் இருக்கின்றன, அரங்கம்தான் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், அவருக்கு முடியாது என்று சொல்ல வராது. ஒரே வேலையை ஆறு பேருக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி, ஆறு பேரையும் சிரித்த முகமாகப் படியிறக்கி அனுப்புவார். பிறகு அந்த ஆறு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவள்.

கையெழுத்து விவகாரம் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்காக நானூறு கடிதம். நாற்பது போட்டதும் ஐயா கையை உதறினார். அவர் கையெழுத்து வேறு பார்க்கச் சகிக்காது. சரிந்துகொண்டே போய், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் சலித்து ஒரு கோடாக முடிந்துவிடும். "மீதியை நீயே போட்டுடும்மா. நான் சொல்லித்தானே போடற" என்றார். அவள் கை அழகான கை. அவர் போட்டதை அப்படியே போட மனம் வராமல், சரிவை நிமிர்த்தி, கடைசியில் ஒரு சுழியும் வைத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் பேனாவைத் தொட்டதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு யானை வரைந்து காட்டத்தான்.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நிர்வாகத் துறையிலிருந்து மாதிரிக் கையெழுத்துக்கு ஓர் அட்டை வரும். உறுப்பினர் அதில் மூன்று முறை கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவர் பெயரில் வரும் தாள்களை அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற்பார்கள். அட்டை வருகிற நாளில் ஐயா எங்கேயாவது ரிப்பன் வெட்டப் போயிருப்பார். அவள் சேர்ந்த பிறகு வந்த ஆறு அட்டையிலும் அவள்தான் போட்டாள்.

ஆனாலும் ஒன்று. அவருக்குத் தெரியாமல் ஒரு தாளில்கூட அவள் கை வைத்ததில்லை. சாயங்காலம் பட்டியலைப் படித்துக் காட்டுவாள், அவர் தலையாட்டுவார், ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு போனிலேயே சரி என்பார், அப்புறம்தான் பேனாவை எடுப்பாள். தனக்கென்று எதிலும் போட்டுக்கொண்டதே கிடையாது. அந்த ஒரு வீம்பை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

உறுப்பினர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். பத்து வருஷம் முடிந்தவர்களை நிரந்தரமாக்கலாம் என்று ஒரு விதி உண்டு, ஓய்வூதியமும் கிடைக்கும். அதற்கு அந்த உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே கைப்படக் கையெழுத்திட்ட பணிச்சான்று வேண்டும். ஒரே ஒரு பக்கம். பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் ஐயாவின் மேஜைமேல் கிடந்தது. நைந்துபோனால் புதிதாக அடித்து வைப்பாள். "உன் வேலை எங்கம்மா ஓடிப் போகுது, அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்பார். ஊரெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்தவருக்குத் தன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவள் கண்ணில் படவில்லை.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதுகு போய்விட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வாடகை வீடு. அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. "ஊருக்கெல்லாம் போடற, உனக்கு ஒண்ணு போட்டுக்கக் கை வலிக்குதா?" என்று அவர் கேட்காத மாதம் இல்லை. இது அவரே தன் கையால் போட வேண்டியது என்று அவளும் சொல்லாத மாதம் இல்லை.

இப்போது அவரே இல்லை. முப்பது நாளில் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் சான்று போகாவிட்டால் அவளுடைய இருபத்தொன்பது வருஷமும் வேலை பார்க்காத வருஷங்களாகிவிடும்.

ஊரில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. தினம் ஒரு இரங்கல் கூட்டம். குளத்தை மூடியபோது அவரைக் கண்டபடி ஏசியவர்களே மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினார்கள். ஆட்கள் ஐயா கொடுத்த பழைய கடிதங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். தன் கைப்படப் போட்டுக் கொடுத்தார் என்று ஒரு தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கண்ணாடிக்குள் இருந்த தன் சுழியைப் பார்த்தாள். ஐயாவுக்கு நினைவு வளைவு கட்டக் கிளம்பிய குழுவினர் வந்து, வளைவின் நெற்றியில் ஆளுயரத்துக்குப் பொறிக்க ஐயாவின் நல்ல கையெழுத்து ஒன்று வேண்டும் என்றபோதுதான் அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இருக்கிற கோப்புகளிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் ஐயாவின் வீட்டம்மா மாடியேறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆஸ்பத்திரி அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்ததாம். போன மாதம் ஒருநாள் டிரைவரிடம் சொல்லி மேஜைமேலிருந்து ஒரு தாளை வரவழைத்தாராம். எந்தத் தாள் என்று டைப்பிஸ்டம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. போன மாதம் அந்தத் தாளைக் காணோமே என்று டிரைவரை வறுத்தெடுத்துவிட்டு, வேறொன்று அடித்து வைத்தவள் அவள்தான்.

"தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கச் சொன்னாரு. நர்ஸ்கிட்ட பேனா வாங்கினாரு. போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் வீட்டம்மா. "தேறி வந்து உன்கிட்ட தானே கையில குடுக்கணும்னு வெச்சிருந்தாரு."

அவளுடைய பணிச்சான்று. கீழே, சரிந்துகொண்டே போய்க் கோடாக முடிகிற அந்தச் சகிக்க முடியாத கையெழுத்து. தேதியும் அவர் கையாலேயே. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அதைப் பார்ப்பது இரண்டாம் முறை. வீட்டம்மா படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும், இதை ஒரு வார்த்தை போனில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவரைத் திட்டினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக நிர்வாகத் துறையில் போய் நின்றாள். பிரிவு அலுவலருக்கு நாற்பது வயதிருக்கும். படித்து முடித்து வேலை இல்லாமல் அலைந்த காலத்தில் ஐயாவின் கடிதத்தால் உள்ளே வந்தவர். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தாளை வாங்கினார். இழுப்பறையிலிருந்து மாதிரி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகம் மெல்ல மாறியது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இது ஐயா கையெழுத்து இல்லை."

அவள் அட்டையைப் பார்த்தாள். நிமிர்ந்த எழுத்து, அழகான சுழி, மூன்று வரிசை. வீட்டம்மா பார்த்திருக்கப் போட்டது, உடம்பு முடியாமல் போட்டது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கை நடுங்கினால் எழுத்து கோணுமே தவிர வேறு எழுத்தாக ஆகாது என்றார் அவர். நியாயமான பேச்சுதான்.

"இத்தனை வருஷம் ஐயாகூட இருந்த நீங்க இப்படிச் செய்யலாமா? மேல சொன்னா போலீஸ் கேஸ். நான் சொல்லமாட்டேன். இது என்கிட்டயே இருக்கட்டும். வீட்ல, அலுவலகத்துல நல்லாத் தேடிப் பாருங்க. உங்களுக்குப் போட்டுக் கொடுக்காமலா இருந்திருப்பாரு?"

ஆயிரக்கணக்கில் போலி போட்டபோது ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுபோய் நீட்டினாள், போலிக்காரி என்று பேர் வாங்கினாள்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே முழுக்கதையையும் கேட்டார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் முறைத்த பிறகு நிறுத்திக்கொண்டார். அட்டையில் இருப்பதுதான் என்னுடையது என்று நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லு, என்றார் அவர். சொன்னால் அந்த அட்டையை நம்பி உள்ளே வந்தவர்கள் கதி? விடுதியில் இருக்கிற பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், வீட்டுப் பட்டா வாங்கினவர்கள். அவ்வளவு ஏன், அந்தப் பிரிவு அலுவலரே?

அவள் எழுந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "அவர் ஒருத்தரும் சொல்லாம, தானா ஒண்ணு போட்டாரு. அதையும் நான் உருப்படியில்லாம ஆக்கிட்டேனே" என்றாள்.

"நீ ஆக்கல. அவரு முதல்லயே தன் வேலையைத் தான் பாத்திருந்தா இந்தப் பேச்சே இல்லை" என்றார் வீட்டுக்காரர். "அவர் சம்மதம்தான் எழுத்துல இருக்கே. தலையாட்டினதுக்கு நீ போடறதுதானே வழக்கம். இதுக்கும் போடு."

மூன்று நாள் தேடுவதாகப் பேர் பண்ணினாள். நாலாம் நாள் காலை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, தான் மறுபடி அடித்துவைத்த பிரதியை எடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்று ஐயாவின் கையெழுத்தை, அவர் எழுதியிருந்த அதே தேதியோடு போட்டாள். கை நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஒன்றே ஒன்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டாள். இதைக் கொடுத்துவிட்டு அந்த நிஜத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அரசாங்கத்தில் மதிப்பு இல்லாவிட்டால் போகட்டும். வீட்டில் இருக்கட்டும்.

பிரிவு அலுவலர் புதுத் தாளை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முத்திரையைக் குத்தி, வரிசை எண் எழுதி, ஓய்வூதியப் பிரிவுக்குப் போகும் கட்டில் வைத்தார். அவர் மனதிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியதை அவளால் பார்க்க முடிந்தது. நல்ல பிள்ளைதான்.

"சார், அன்னிக்குக் குடுத்தேனே, அந்தத் தாள்" என்று ஆரம்பித்தாள்.

"ஞாபகம் இருக்கும்மா. ஒருத்தர் கண்லயும் படாம வெச்சிருக்கேன்." அவர் அடி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து அதை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் அதை இரண்டாகக் கிழித்தார், நாலாக்கினார், எட்டாக்கினார், குப்பைக்கூடையில் போட்டார். "இதெல்லாம் கையில வெச்சிருக்கிறதே ஆபத்து. இனிமே உங்களுக்கு ஒரு பயமும் இல்லை."

நீட்டிய கையை அவள் எப்படியோ மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் புதுத் தாளிலிருந்த சுழியை விரலால் தடவிக் காட்டினார். "பாத்தீங்களா? எவ்வளவு மனசார போட்டிருக்காரு உங்களுக்கு. இதை விட்டுட்டு..."

"ஆமா சார்" என்றாள் டைப்பிஸ்டம்மா.