தண்ணி அக்கா ஓடிய பதினொன்றரை கிலோமீட்டர்

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? விடியற்காலை நாலரை மணிக்கு ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாள். தெருமுனையில் தரையோடு தரையாகக் கிடக்கும் மூடியை நெம்பித் தூக்குவாள். சாவியை உள்ளே விட்டு இருபது சுற்று சுற்றுவாள். ஐந்து நிமிடத்தில் அந்தத் தெருக் குழாய்களெல்லாம் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டும். அப்புறம் அடுத்த வால்வு. மொத்தம் பதினொரு வால்வு, இருபத்திரண்டு வருஷம். எழுபது வயதுக்காரரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தண்ணி அக்கா என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். தண்ணீர் வரவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், "நான் என்ன மேகமா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். தெருவில் அந்த வாய் செல்லும். வீட்டில் அதனால்தான் வினை வந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அவருக்கு ஒரே ஒரு அக்கா. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவர், தனியாக இருப்பவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவர். தண்ணி அக்கா அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீடு அண்ணி பிறந்து வளர்ந்த வீடு. ஒருமுறை சமையலறையை இடித்துக் கட்டியபோது, அலமாரி உயரமாக இருக்கிறது, எட்டாது, ஒரு சாண் இறக்கு என்று நாத்தனார் சொன்னார். கொத்தனார் முன்னாலேயே சொன்னார். தண்ணி அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"விருந்தாளியா வந்தா விருந்தாளி மாதிரி இருந்துட்டுப் போங்க அண்ணி."

பிறந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து விருந்தாளி என்றால் என்ன ஆகும்? நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். பதினொரு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. தம்பி போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணி அக்கா போகவில்லை. அலமாரி என்னவோ உண்மையிலேயே எட்டவில்லை. பதினொரு வருஷமும் முக்காலி போட்டு ஏறித்தான் டப்பா எடுத்தாள். அதை மட்டும் அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைநாள். ஏழாவது வால்வுக் குழியின் மூடியை யாரோ நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குழி நிறையத் தண்ணீர், சாலை நிறையத் தண்ணீர், எது எது என்று தெரியவில்லை. தண்ணி அக்கா ஒரு காலை உள்ளே விட்டாள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. நீளமாக ஒரு கம்பி, நாலு திருகாணி வைத்து மூட்டிக் கட்டிலில் போட்டார்கள். மகள் வெளியூரில் படிக்கிறாள். கணவருக்குப் பத்து நாளுக்குமேல் லீவு இல்லை. பதினோராம் நாள் என்ன செய்வது என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாத்தனார் இறங்கினார். பின்னாலேயே அவருடைய தையல் மெஷின் இறங்கியது.

"கட்டிலக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு. மெஷினுக்கு வெளிச்சம் வேணும்," என்றார் தம்பியிடம். வந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நாலு மாதம். பெட்பேன் வைத்து எடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். கட்டுக்கு மேலே போட வசதியாகப் பக்கவாட்டில் நாடா வைத்த பாவாடை ஆறு தைத்துப் போட்டார். பிசியோ வந்து காலை மடக்கும்போது தண்ணி அக்கா ஊரே கேட்கும்படி கத்துவாள். "கத்து, நல்லாக் கத்து, ஆனா மடக்கு," என்பார் நாத்தனார். மற்ற நேரமெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கடகடவென்று சீருடை தைப்பார். அண்ணி, நான் அன்னிக்குப் பேசினது... என்று இவள் வாயெடுத்தால் போதும், மெஷின் இன்னும் வேகமாக ஓடும். ஐந்தாம் மாதம், இவள் கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்த அன்று மாலையே, மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவும் இல்லை.

ஊரையே நாக்கால் சுற்றி வருகிற தண்ணி அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது. அவர்கள் வீட்டில் நன்றி என்று யாரும் யாரிடமும் சொன்னதே இல்லை. போய்ச் சொன்னால் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது பதில் வருமோ என்று பயம் வேறு. வேலைக்குத் திரும்பிய பிறகு, காலுக்கு நல்லது என்று பிசியோ சொன்னதால், வால்வுக்கு வால்வு மெல்ல ஓட ஆரம்பித்தாள். தோளில் சாவியோடு ஒரு பெண்பிள்ளை இருட்டில் ஓடி வந்தால் எந்த நாய் குரைக்கும்? எல்லாம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன.

அப்போதுதான் அலுவலகச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர் மாரத்தான். விடியற்காலை ஐந்து மணி. பத்து கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குப் பதக்கம். தண்ணி அக்கா அதை மூன்று தடவை படித்தாள். பதக்கத்தை வாங்கி நேரே அண்ணி கையில் வைத்துவிட வேண்டியது. இந்தக் கால் ஓடியதே உங்களால்தான் என்று பதக்கமே சொல்லிவிடும், நாம் வாயைத் திறக்க வேண்டாம். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். ஆறு மாதம் ஓடிப் பார்த்து, எண்பத்திரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த பனியன் இவளுக்குப் பிடிப்பாக இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"ஓடப்போறியா? எதுக்கு?" என்றார் நாத்தனார், தையலைப் பிரித்துக்கொண்டே.

"சும்மாதான் அண்ணி."

"விடியக்காலையில எழுந்து பத்து கிலோமீட்டர் சும்மா ஓடறவளை இப்பத்தான் பாக்கறேன்."

"முடியற எடத்துக்கு வரீங்களா? ஆறரைக்குள்ள வந்துருவேன்."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்றார் நாத்தனார். பனியனின் இரண்டு பக்கமும் துணி சேர்த்துத் தைத்து, இழுத்துப் பார்த்து, மடித்துக் கொடுத்தார்.

ஓட்டநாள் வந்தது. வால்வுகளைப் பார்த்துக்கொள்ள பம்ப் ஹவுஸ்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு விசில் அடித்தார்கள். முந்நூறு பேர். பாதித் தெருவிளக்கு எரியவில்லை. முன்னால் ஓடுகிறவர்களின் முதுகு எண்கூடச் சரியாகத் தெரியாத இருட்டு. தண்ணி அக்கா நடுவாந்தரமாக ஓடினாள். அவளுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். பல் டாக்டர், பாங்க் மேனேஜர், பள்ளிக்கூட டீச்சர்கள், அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பெண். "அக்கா பின்னால ஓடுங்க, பள்ளம் மேடு அவங்களுக்குத்தான் தெரியும்," என்று பல் டாக்டர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அது வாஸ்தவம்தான். "பள்ளம்! இடது பக்கம் மூடி!" என்று அவள் குரல் கொடுக்கக் கொடுக்க எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கி ஓடினார்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு முக்கு. ஓட்டப் பாதை நேரே போகிறது. தண்ணி அக்கா இடது பக்கம் திரும்பினாள்.

ஏன் திரும்பினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மணி ஐந்து இருபத்தைந்து. அந்த நேரத்துக்கு அந்த முக்கில் அவள் கால் இருபத்திரண்டு வருஷமாக இடது பக்கம்தான் திரும்பியிருக்கிறது. டார்ச்சோடு நின்ற தன்னார்வலர் வாயைத் திறந்தார். அக்கா போன உறுதியைப் பார்த்துவிட்டுப் பாதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் இடது பக்கம் டார்ச்சைக் காட்டினார். அடேயப்பா, அவளோடு ஓடி வந்த மொத்தக் கூட்டமும் அவள் பின்னால்!

முக்கால் கிலோமீட்டர் ஓடி, நாலாவது வால்வு மூடிக்கு முன்னால் போய் நின்றாள். குனிந்தாள். தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். தோளில் சாவி இல்லை.

பின்னால் நாற்பது பேர் மூச்சு வாங்க நின்றார்கள். "இங்கதான் திரும்பணுமாக்கா?" என்று கேட்ட பாங்க் மேனேஜர், பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். அவரைப் பார்த்து டீச்சர்களும் தட்டினார்கள். குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண், "என்னக்கா, ஒரு வால்வு திறக்க இத்தன பேரா?" என்று கேட்டாள்.

தண்ணி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ன மன்னிச்சிருங்க! பழக்க தோஷத்துல வேலைக்கு வந்துட்டேன்!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கல்யாணப்பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போய்வர ஒன்றரை கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். அவளுக்கு மிச்சம் இருந்ததே எட்டு நிமிடம்தான். "வேகமா ஓடறவங்க என்னைப் பாக்காம போயிடுங்க, உங்களுக்கு இன்னும் நேரமிருக்கு," என்று கத்தினாள். கால் பலமுள்ளவர்கள் பறந்தார்கள். தண்ணி அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். எட்டாவது கிலோமீட்டரில் விடிந்துவிட்டது. தொடைக்குள் கம்பி இருக்கும் இடம் அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. நிற்கவில்லை.

முடிவுக் கோட்டை அவள் தாண்டியபோது மணி ஆறு முப்பத்திநாலு. பதக்க மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். "ரூல் ரூல்தான்கா, எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றார் மேஜைக்காரர், அவளைப் பார்க்காமல். பல் டாக்டர் ஓடி வந்து, "என்னுதை வாங்கிக்கங்கக்கா," என்று கழுத்திலிருந்ததைக் கழற்றினார். அவள் மறுத்துவிட்டாள். அடுத்தவர் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அவள் ஓடியிருக்கவே வேண்டாமே.

சாலையோரத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு, உன்னை மட்டும் காணோம்! ஆம்புலன்ஸ் ரெண்டு தடவை போச்சு. ரெண்டு தடவையும் எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. எங்கடி போன?"

"நாலாவது வால்வுக்கு," என்றாள் தண்ணி அக்கா. சொல்லிவிட்டு அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். நாத்தனாரும் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல், அந்தத் தொடையை அமுக்கிவிட ஆரம்பித்தார்.

கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. இனி வாய்தான் இருக்கிறது.

"அண்ணி, உங்ககிட்ட ஒரு மெடலைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துடலாம்னு பாத்தேன். அதுக்குத்தான் ஓடினேன். அது கிடைக்கல. அந்த நாலு மாசம் நீங்க இல்லன்னா நான் எழுந்திருச்சே இருக்க மாட்டேன். பெத்தவகூட அப்படிப் பாத்திருக்க மாட்டா. அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. அது உங்க வீடு. ரொம்ப நன்றி அண்ணி."

நாத்தனாரின் கை நின்றுவிட்டது.

"எனக்கு நன்றி சொல்லாத," என்றார். "கூசுது."

"ஏன் அண்ணி?"

"நீ விழுந்துட்டேன்னு தம்பி ஃபோன் பண்ணான். ஐயோன்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே, அப்பாடா, இனி அந்த வீட்டுக்குப் போகலாம்னு தோணிச்சு. ஒருத்தி கால் ஒடஞ்சு கிடக்கறா, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். இத யார்கிட்டப் போய்ச் சொல்ல? நாலு மாசம் நான் பொறந்த ரூம்ல தூங்கினேன். பதினொரு வருஷத்துல அப்படி ஒரு நாள் தூங்கல. உனக்குக் கால் சரியாகச் சரியாக எனக்குப் பயம்."

"அதான் நான் நடந்த அன்னிக்கே கிளம்பிட்டீங்களா?"

"பின்ன? கால் சரியாயிடுச்சு. எனக்கு அங்க என்ன வேலை?"

தண்ணி அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்: "அப்போ நீங்க வரணும்னா நான் இந்தக் காலையும் ஒடச்சுக்கணுமா?"

"வாயக் கழுவு!" என்று நாத்தனார் அவளுடைய நல்ல காலில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வைத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். நாத்தனார் வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. நாத்தனார் அதைப் பார்த்தார், ஏறவில்லை. "மெதுவா நட, தம்பி எழுந்திருச்சிருப்பான்," என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார்.