மேற்கு வாசலில் இறங்கியவள்

விருந்தாளிகள் உட்காரும் மெத்தையில் மாலிஸ் அதுவரை உட்கார்ந்ததில்லை. துடைத்திருக்கிறாள், கிழிந்த இடத்தைத் தைத்திருக்கிறாள், மழையில் நனைந்தால் கழற்றி வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். அன்று காலை அவள் புருஷன் தாரித், கோயில் பார்க்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றுகிற தன் வண்டியைக் கழுவி, ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களையும் சுருட்டிய ஈரத் துண்டுகளையும் அடுக்கி முடித்துவிட்டு, "ஏறு ஓன்" என்று அந்த இருக்கையைக் காட்டினான். சியெம் ரீப் பக்கம் தங்கையையும் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அண்ணனும் புருஷனும் 'போங்'.

"துண்டெல்லாம் எதுக்கு போங்? நான் என்ன பிரான்ஸ்லேருந்தா வந்திருக்கேன்?"

"நாள் பூராச் சுத்திப் பாக்கறதுன்னா இதெல்லாம் இருக்கணும். அரைகுறையா செஞ்சா எனக்கு ஒப்பாது."

அவள் வந்திருந்தது தாய்லாந்திலிருந்து. செத்துப்போனவர்களுக்குச் சோறு படைக்கும் ப்சும் பென் நாட்களுக்காக லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் விடிகாலையில் எல்லைக்குப் போகும் வேனில் அவளுக்கு இடம் சொல்லியிருந்தது.

மாலிஸ் பிறந்தது ப்ரே வெங் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. புனோம் பென்னில் தையல் ஆலைக்குப் போய்ச் சட்டைக்குக் காலர் வைத்தாள். கூட வேலை செய்தவளின் கல்யாணத்தில்தான் தாரித்தைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் யார் என்ன கேட்டாலும் "சரி" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இவன் கோபக்காரன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் பிசகவில்லை. ஆனால் எதற்கும் சரி என்கிறவனோடு வாழ்வதில் என்ன கஷ்டம் என்பது சியெம் ரீப்புக்கு வந்து குடும்பம் நடத்தும்போதுதான் தெரிந்தது.

நோய்க்காலத்தில் விருந்தாளி வரத்து அடியோடு நின்றது. வண்டிகள் வாசலிலேயே துருப்பிடித்தன. ஊர்ப் பெண்கள் சிலர் தாய்லாந்தில் இறால் உரிக்கும் ஆலைக்குக் கிளம்பினார்கள். "நானும் போயிட்டு வரட்டா?" என்று மாலிஸ் கேட்டாள். வேண்டாம் என்பான் என்று நினைத்துத்தான் கேட்டாள். தாரித் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு "சரி" என்றான். கொஞ்ச மாதம் என்று போனவள் போனவள்தான். விருந்தாளிகள் திரும்பி வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. நடுவில் பண்டிகைகளுக்கு வந்து போவாள்.

மத்தியானத்தில் தாரித் போன் செய்வான். விருந்தாளியைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கும் நேரம் அது. அவன் அதிகம் பேசமாட்டான். அவளும் சாப்பாட்டு இடைவேளையில், கையுறை கழற்றிய விரல்களை ஊதிக்கொண்டு, சும்மா கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டு, பார்க்காத கோயில்களை எல்லாம் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குரங்குகள் சண்டை போட்டால் பாயோன். மூங்கில் குழலும் வயலினும் சேர்ந்து வாசித்தால் தா ப்ரோம். கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள் வழியோரம் உட்கார்ந்து வாசிக்கிற பாட்டு அது. பக்கத்து மேசைக்காரி "என்னடி, புருஷன் பேசவே மாட்டேங்கறான், போனை மட்டும் காதுல வச்சிருக்க" என்பாள். "பாட்டு கேக்கறேன்" என்பாள் மாலிஸ்.

இந்தத் தடவை அவள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். போகாதே என்று அவன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போகமாட்டாள். தானாக இருந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அதற்கும் "சரி" என்பான். அந்தச் சரியைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

நாத்தனார் வீட்டில் பிள்ளைகள் கூச்சல், வருகிற போகிற சொந்தம், வாழையிலையில் கட்டி அவிக்கும் பசையரிசிப் பலகாரம் என்று நாட்கள் ஓடிவிட்டன. கடைசி நாளுக்கு முதல் நாள் தாரித் தானாகவே, "உன்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், முழு நாளும்" என்றான். நாட்டுக் கொடியிலும் பண நோட்டிலும் பீர் டப்பாவிலும் பார்த்த அங்கோர் வாட். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் போகவில்லை. சீசனில் நேரம் இல்லை, சீசன் இல்லாதபோது பெட்ரோல் இல்லை. மாலிஸுக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அங்கேதான் போகாதே என்று சொல்லப்போகிறான் என்று இருந்தது.

"அங்கோர் வாட் சாயங்காலம்" என்றான் தாரித், கிளம்பும்போது. "மேற்கு வெயில் விழறப்பதான் அழகு. வழிகாட்டிங்க அப்படித்தான் கூட்டிட்டுப் போவாங்க. மொதல்ல தா ப்ரோம்."

மோட்டார் சைக்கிள் முன்னால், அதோடு பூட்டிய வண்டி பின்னால். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். சட்டைக் காலர் நைந்திருந்தது. அதைத் திருப்பித் தைக்க வேண்டும் என்று நினைத்தாள். "போங், கோயில்ல நெறையக் கூட்டமா இருக்குமா?" என்று கத்தினாள். "ஆங்?" என்றான். காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் மரங்கள் வானம் வரை நின்றன.

சீட்டு பார்க்கும் இடத்தில் இருந்தவள் மாலிஸின் முகத்தைப் பார்த்ததும் கையசைத்து விட்டுவிட்டாள். சொந்த நாட்டுக்காரர்களுக்குச் சீட்டு இல்லை.

தா ப்ரோம் மேற்கு வாசலில் வண்டி நின்றது. மாலிஸ் இறங்கி, புதுச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். தாரித் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"நேராப் போங்க. ஒரு மணி நேரம் ஆகும். நான் சுத்திக்கிட்டுப் போய் கிழக்கு வாசல்ல நிக்கிறேன். பையைப் பத்திரமா வச்சுக்கோங்க."

வண்டி திரும்பிப் போய்விட்டது.

முதலில் மாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. விளையாடுகிறான், வளைவில் நிறுத்தித் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். புழுதி அடங்கியது. அப்போதுதான் புரிந்தது. அவன் விளையாடவில்லை. ஒவ்வொரு விருந்தாளியையும் இந்த வாசலில் இறக்கிவிட்டு அந்த வாசலில் ஏற்றிக்கொள்கிற கை, தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டது. வாய் தானாகவே 'ங்க' போட்டுவிட்டது.

போனை எடுத்தாள். எடுத்துவிட்டுப் பைக்குள் திரும்ப வைத்தாள். கூப்பிட்டால் உடனே ஓடி வருவான். ஆனால் கூப்பிட்டு வந்ததாகத்தானே ஆகும்?

அந்த நேரத்தில் ஒரு பேருந்து நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஒரே மஞ்சள் பனியன். ஏதோ தையல் ஆலையின் பண்டிகைச் சுற்றுலா. அவர்கள் முன்னால் சின்னக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி ஒருத்தி நடந்தாள். அவள் பெயர் ரச்சனா என்று எல்லாரும் கூப்பிட்டதில் தெரிந்தது. மாலிஸ் அவர்கள் பின்னால் நாலு அடி தள்ளி நடந்தாள்.

"அக்கா, நீங்க எந்த லைன்? இஸ்திரியா, பட்டனா?" என்று ஒருத்தி திரும்பிக் கேட்டாள்.

"நான் உங்க ஆலை இல்லம்மா. முந்தி காலர்ல இருந்தேன், வேற ஆலை."

"காலரா! அப்போ நம்ம ஆளுதான். தனியாவா வந்தீங்க?"

"வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நிக்கிறாரு."

"ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் நிப்பாங்க. வாங்க, வாங்க."

உள்ளே மரங்களின் வேர்கள் சுவர்களைத் தாண்டி வழிந்து இறங்கியிருந்தன. கல்லைப் பிளந்ததும் அந்த வேர்தான், விழாமல் பிடித்திருப்பதும் அந்த வேர்தான் என்றாள் ரச்சனா. ராஜா தன் அம்மாவுக்காகக் கட்டிய கோயில் என்றாள். "எம் புருஷங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி, "இப்பவே சம்பளம் பாதி மாமியாருக்குப் போகுது." கற்களுக்கு நடுவே சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது.

மாலிஸும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு வாசற்படியிலும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடந்துகொண்டிருந்தாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

ஓர் ஒடுக்கமான கல் அறைக்குள் ரச்சனா எல்லாரையும் நிறுத்தினாள். மேலே கூரை திறந்து வானம் துண்டாகத் தெரிந்தது. "இங்க கை தட்டினா எதிரொலி வராது. சத்தம் போட்டாலும் வராது. சுவத்துல முதுகை ஒட்டி நின்னு நெஞ்சுல குத்துங்க. மனசுல அடைச்சு வச்சிருக்கறது வெளிய வரும்னு சொல்லுவாங்க."

"சூப்பர்வைசரை நெனச்சுக் குத்துடி!"

"அவனுக்கா? அவனுக்கு என் நெஞ்சு எதுக்கு, அவன் மூக்கே போதும்."

ஒவ்வொருத்தியாகக் குத்தினார்கள். தொம் தொம் என்று கல் பேசியது. மாலிஸின் முறை வந்தது. முதல் குத்து மெதுவாக விழுந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தம் சுவரில் ஏறி மேலே போவது முதுகில் தெரிந்தது. இன்னொரு முறை குத்தினாள். பிறகு இன்னொரு முறை. மஞ்சள் பனியன்காரிகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"போதும் அக்கா" என்று ரச்சனா அவள் கையைப் பிடித்தாள்.

கிழக்கு வாசலில் தாரித்தின் வண்டி நின்றது. தாரித் இல்லை. மரத்தடியில் வண்டிக்காரர்கள் ஊஞ்சல் துணி கட்டிப் படுத்திருந்தார்கள். மாலிஸ் போன் செய்தாள். மெத்தைக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

நரைத்த தலைக்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "நீதானே மாலிஸ்? நான் யெம். உம் புருஷன் உன்னைத் தேடிக்கிட்டு உள்ள ஓடிட்டான்மா."

"எப்போ?"

"வந்து நின்னான், ஐஸ் பெட்டியத் தெறந்தான், துண்டை எடுத்தான். 'இன்னைக்கு எந்த ஊரு விருந்தாளிடா?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான், மூஞ்சி வெளுத்துப் போச்சு. செருப்பைக் கூட மாட்டல பாரு." வண்டிக்கு அடியில் இரண்டு செருப்பும் கவிழ்ந்து கிடந்தன. மற்ற வண்டிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

யெம் நகர்ந்து இடம் கொடுத்தார். மாலிஸ் உட்கார்ந்தாள். வெயில் இலைகளுக்குள்ளிருந்து சொட்டியது. போகிறவர்கள், வருகிறவர்கள், ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டியிருந்தது. கண் வலித்தது. இதைத்தான் அவன் தினமும் செய்கிறான் என்று நினைத்தாள்.

"மத்தியானமானா அந்தக் கல்லு மேல போய் உக்காந்துக்குவான், போனோட" என்றார் யெம். "'அவளைக் கூப்பிட்டுக்கயேண்டா'ன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். 'அவளுக்கு அங்க நல்லா இருக்கு மாமா, நான் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது'ங்கறான்."

மாலிஸ் தன் விரல்களைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று அவள்தான் போனில் சொன்னாள். ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்து உரிந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை.

தாரித் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலையில் சருகு. அவளைக் கண்டதும் நடை தடுமாறி நின்றான்.

"எந்தப் பக்கம் போனே? உள்ள எனக்கு வழியே தெரியல. ஒரே மரத்துக்கிட்டத் திரும்பத் திரும்ப வந்து நிக்கறேன். காவல்காரர் என்ன தேடறேன்னாரு. பொண்டாட்டியத் தொலைச்சிட்டேன்னேன்."

"இத்தனை வருஷமா இந்த வாசல்லயே கெடக்குற, உள்ள வழி தெரியாதாடா?" என்றார் யெம்.

"எனக்கு எதுக்கு மாமா தெரியணும்? நான் உள்ள போனா வழிகாட்டிங்க சண்டைக்கு வருவாங்க." சொல்லிவிட்டு மாலிஸிடம் திரும்பினான். "கோவமா ஓன்?"

"பசிக்குது."

வழியில் ஒரு கடையில் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். அவன் தன் கிண்ணத்து வாழைப்பூவை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டான். மன்னிப்பை அவன் அப்படித்தான் கேட்பான். அவள் மனதில் கோபம் இல்லை. பொழுது போகிறது என்ற பயம்தான் இருந்தது.

அடுத்த கோயிலான பந்தேய் க்தேய் வாசலில் வண்டி நின்றதும் அவள் சொன்னாள்: "இந்தத் தடவை வண்டியைப் பூட்டிட்டு வாங்க."

அவன் பூட்டினான். பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தான். இருவரும் உள்ளே நடந்தார்கள். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. அவனுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இது யாரு கட்டினதுன்னு எல்லாம் எங்கிட்டக் கேக்காதே."

"நான் கேக்கலையே."

நடுக் கோபுரத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு கல் வாசலுக்கு அடியில் ஒதுங்கினார்கள். எதிர்த் தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கோர் வாட்டுக்கு இன்று போக முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

"அங்க எனக்கு நல்லா இல்ல" என்றாள் மாலிஸ், மழையைப் பார்த்தபடி. அவள் தனக்குள் போட்டிருந்த கோட்டை இவ்வளவுதான் தாண்டினாள். மீதி அவன் வர வேண்டிய தூரம்.

தண்ணீர் கல் முகங்களின் மேல் வழிந்தது. அவள் காத்திருந்தாள். இனி சொல்லமாட்டான், இதற்கும் தலையைத்தான் ஆட்டுவான் என்று அவள் நினைத்துவிட்ட பிறகு அவன் குரல் வந்தது.

"நாளைக்கு வேன்ல ஏறாதே மாலிஸ்."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. கேட்டது, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இத்தனை மத்தியானங்களாக எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளோ, அது ஒரு நொடியில் வந்து முடிந்துவிட்டது. அவளுக்கு அது போதவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள். "மழைச் சத்தம், ஒண்ணும் கேக்கல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழையை விடச் சத்தமாகச் சொன்னான். எதிரே நின்ற வெள்ளைக்காரர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் மாலிஸ்.