நாற்சந்தியில் ஒரு தீப்பெட்டி

இன்று காலை முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்தேன். தீப்பெட்டியைக் கீழே வைக்குமுன் போன் அடித்தது. எஸ்தர் அக்காவின் மகள், ஆஸ்பத்திரியிலிருந்து. "அம்மா போயிட்டாங்க, சித்தி." பால் பொங்கி வழியும்வரை கையிலிருந்த தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஸ்தர் அக்கா, உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியின் கணக்கு டீச்சர். நான் அங்கே தமிழ் டீச்சர். இருவரும் ஒரே தெரு. பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பங்களின் தெரு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வகுப்பில் ஒரு பெண் நீளநீளமாகக் கோடு போட்டுவிட்டு, "என் கோணந்தான் பெரிசு" என்று சாதித்தாள். அக்கா அவளை எழுப்பி, குதிகாலை ஊன்றித் திரும்பச் சொன்னார்.

"கோடு எவ்ளோ நீளம்னு யார் கேட்டா? நீ எவ்ளோ திரும்புனியோ அதான் கோணம்."

பக்கத்து வகுப்பில் நின்றிருந்த எனக்கும் அன்றுதான் கோணம் புரிந்தது.

எங்கள் ஊரில் கோயில் தெரு நேராக ஏரிவரை போகிறது. நடுவே இன்னொரு தெரு அதைச் சாய்வாக வெட்டுகிறது. அதன் இடப்பக்கம் பெரிய தெரு, வலப்பக்கம் எங்கள் தெரு. அகலம் ஒன்றுதான். தேர் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். எங்கள் ஆட்களும் வடம் பிடிப்பார்கள். ஆனால் எங்கள் பெண்கள் தேங்காய்த் தட்டோடு முனைக்கு வந்து காத்து நிற்க வேண்டும். கேட்டால், "உங்க முனை கோணலா கீது. திருப்பினா அச்சு முறிஞ்சிடும்" என்பார்கள்.

ஒரு வருடம் ஊர்க்கூட்டத்தில் அக்கா எழுந்து, தேர் எங்கள் முனையிலும் திரும்பும் என்றார். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்பும் ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார்.

"நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு இன்னாம்மா தேரு கவலை?"

"தேரு உங்களுதுண்ணா. கோணம் எல்லாருக்கும் பொதுதான்."

அக்கா துடைப்பத்திலிருந்து இரண்டு குச்சிகளை உருவி, அந்தத் தெருக்களைப் போலவே தரையில் குறுக்காக வைத்தார். "ஒரு பக்கம் குறுகினா மறுபக்கம் விரியும். குறுகின முனை பெரிய தெரு. விரிஞ்சது எங்களுது." ஒரு தீப்பெட்டியை ஏகாம்பரம் அண்ணன் கையில் கொடுத்தார். "இதான் தேரு. ரெண்டு பக்கமும் நீங்களே திருப்பிப் பாருங்க."

இடப்பக்கம் திருப்பினார். பெட்டி ஏறக்குறைய வந்த வழியையே பார்க்குமளவு சுற்றியது. வலப்பக்கமோ, லேசாகத் திரும்பியதுமே குச்சிக்கு நேராக நின்றது. அவர் மறுபடி செய்து பார்த்தார்.

"இத்தினி வருசமா கஷ்டமான பக்கந்தான் திருப்பிக்கினு கீறனா?" என்றவர் கூட்டத்தைப் பார்த்தார். "திரும்பும். கட்டை போடுறவன் சொல்றேன்."

அந்த வருடம் தேர் பெரிய தெருவைச் சுற்றி முடித்து, மறுபடி கோயிலிலிருந்து புறப்பட்டு எங்கள் முனைக்கு வந்தது. கட்டை விழுந்தது. முனகல்கூட இல்லாமல் திரும்பியது. "திரும்பிடுச்சி, திரும்பிடுச்சி" என்று அக்காவின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அதன் முன்னால் ஓடியது. எங்கள் பெண்கள் அவரவர் வாசலிலேயே தட்டோடு நின்றார்கள். அன்று முதல் எந்த வருடமும் தேர் எங்கள் தெருவைத் தவறவிட்டதில்லை.

"கணக்கு சொல்லிட்ட டீச்சர். கட்டை போடுவியா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன், வேர்வையைத் துடைத்தபடி.

"போடுவேண்ணா. விடுவீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

இப்போது அக்கா வீட்டு வாசலில்தான் அந்த அண்ணன் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் அக்காவைக் கொண்டுபோகும் வண்டி அதே முனையில் திரும்பும், சிரமமில்லாமல் திரும்பும். போய் வாருங்கள், அக்கா.

அடுத்த தேருக்கு எங்கள் முனையில் கட்டையை நான் கையில் எடுக்கப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, ஏகாம்பரம் அண்ணனிடம்கூட.